பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் வருடம்: ஜாம் தேர்வுக்கு இப்போதே ஆரம்பிக்கலாமா?

வாய்க்கால்கரை:

எல்லோருக்கும் வணக்கங்க. கோபிக்குப் பக்கத்தில் கிராமம். பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் வருடம் படிக்கிறேன், மூன்றாவது செமஸ்டர் பரீட்சை போன வாரம்தான் முடிந்தது. வீட்டில் தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல்லும் ஓர் ஏக்கர் மஞ்சளும். பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளி, முழுக்கத் தமிழ் வழி. கல்லூரிக்கு வந்துதான் கணக்கை ஆங்கிலத்தில் படிக்கிறேன், இப்போது ஓரளவு பழகிவிட்டது.

எம்.எஸ்சி. ஐஐடியில் படிக்க வேண்டும் என்று ஆசை. அதற்கு ஜாம் என்று ஒரு நுழைவுத்தேர்வு இருப்பதே இரண்டு மாதம் முன்புதான் தெரியும். கல்லூரியில் ஒரு சீனியரிடம் கேட்டேன், "அதெல்லாம் கடைசி வருடம் ஆரம்பித்தால் போதும், இப்போது செமஸ்டரில் மார்க் எடு" என்றார். கோயம்புத்தூரில் ஒரு பயிற்சி மையத்தில் கேட்டதற்கு இப்போதே சேர்ந்தால்தான் முடியும் என்று சொல்லி ஒரு தொகை சொன்னார்கள், அது எங்கள் வீட்டில் ஒரு போக மஞ்சளில் கையில் நிற்கும் பணத்துக்கு மேல். வீட்டில் பி.எட். முடித்து வாத்தியார் வேலைக்குப் போ என்கிறார்கள், அதுவும் தப்பு என்று நான் சொல்லவில்லை.

இரண்டு பேர் இரண்டு மாதிரி சொல்வதால் குழப்பமாக இருக்கிறது. இன்னும் பதினான்கு மாதம் இருக்கும்போதே ஆரம்பிப்பது உண்மையிலேயே பயன்படுமா, இல்லை படித்ததெல்லாம் மறந்து மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டி வருமா? பயிற்சி மையம் இல்லாமல் முடியுமா? இன்னொன்று, தேர்வு பிப்ரவரியில் என்கிறார்கள், எங்கள் வீட்டில் மஞ்சள் வெட்டி வேகவைக்கும் நேரம் அதுதான், ஆள் கிடைக்காமல் நானும் காட்டில்தான் நிற்பேன். எழுதியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்க.

---

ஆழியாறு:

தங்கச்சி, நான் பொள்ளாச்சிப் பக்கம். உன்னைப் போலவே கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. முடித்து ஜாம் எழுதி ஐஐடி மெட்ராஸில் எம்.எஸ்சி. கணிதம் படித்தேன். சீக்கிரம் எல்லாம் இல்லை. ஏன் என்று சொல்கிறேன், அது புரிந்தால் எதை முதலில் படிப்பது என்பதும் தெரிந்துவிடும்.

உன் கல்லூரிப் பாடத்திட்டத்தை எடுத்துப் பார். நம்ம பக்கக் கல்லூரிகளில் பெரும்பாலும் மெய் பகுப்பாய்வும் குலக் கோட்பாடும் ஐந்தாவது செமஸ்டரில்தான் வரும், நேரியல் இயற்கணிதம் ஆறாவதில். ஜாம் நடப்பது மூன்றாம் வருடம் பிப்ரவரியில். அதாவது ஆறாவது செமஸ்டர் வகுப்பு ஆரம்பித்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. ஜாம் கணிதத்தில் எது பெரும்பங்கோ அதைக் கல்லூரி உனக்கு முழுக்கச் சொல்லித் தருவதற்கு முன்னாலேயே நீ தேர்வு எழுதிவிடுவாய். கடைசி வருடம் ஆரம்பித்தால் போதும் என்று சொன்ன சீனியர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

தேர்வைப் பற்றிச் சுருக்கமாக: 3 மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண், எல்லாம் கணினியில். முதல் பகுதியில் 30 கேள்வி, நாலு விடையில் ஒன்று சரி. தப்பானால் ஒரு மதிப்பெண் கேள்விக்கு மூன்றில் ஒரு பங்கும் இரண்டு மதிப்பெண் கேள்விக்கு மூன்றில் இரண்டு பங்கும் கழிப்பார்கள். இரண்டாவது பகுதியில் 10 கேள்வி, ஒன்றுக்கு மேற்பட்ட விடை சரியாக இருக்கலாம். சரியானவை எல்லாவற்றையும் தொட்டால்தான் மதிப்பெண், சரியானவை மூன்று இருக்கும்போது இரண்டை மட்டும் தொட்டால் பூச்சியம். மூன்றாவது பகுதியில் 20 கேள்வி, விடை ஓர் எண், நீயே தட்டச்ச வேண்டும். பின்னிரண்டு பகுதியிலும் தப்புக்குக் கழிப்பது இல்லை. சிக்கலெண் பகுப்பாய்வு, நிலையியல், இயக்கவியல் எதுவும் கணிதத் தாளில் கிடையாது, அதனால் அவற்றைக் கல்லூரிக்கு மட்டும் படி.

இனி முக்கியமானது. நம் கல்லூரிப் பரீட்சையில் தேற்றத்தை எழுதி நிறுவு என்பார்கள், மனப்பாடம் செய்தவனும் பத்துக்கு ஒன்பது வாங்கிவிடலாம். ஜாமில் தேற்றத்தை யாரும் கேட்பதில்லை. தேற்றத்தில் உள்ள ஒரு நிபந்தனையை எடுத்துவிட்டு, இப்போதும் இது உண்மையா என்று கேட்பார்கள். ஓர் உதாரணம் பார். ஒரு தொடரின் உறுப்புகளில் எதுவுமே குறை எண் அல்ல, தொடர் ஒருங்குகிறது, அதாவது கூட்டிக்கொண்டே போனால் கூட்டல் ஓர் எண்ணை நெருங்குகிறது. அப்படியானால் உறுப்புகளை வர்க்கப்படுத்திக் கூட்டினாலும் ஒருங்குமா? ஒருங்கும். சரி, 'குறை எண் அல்ல' என்பதை எடுத்துவிடு. இப்போது 1 − 1/√2 + 1/√3 − 1/√4 + … என்ற தொடரைப் பார், அது ஒருங்குகிறது, ஆனால் வர்க்கப்படுத்தினால் 1 + 1/2 + 1/3 + 1/4 + … வந்துவிடும், அது ஒருங்காது. இந்த ஓர் எதிர் எடுத்துக்காட்டு கையில் இருந்தால் அரை நிமிடத்தில் முடியும் கேள்வி, இல்லாவிட்டால் பத்து நிமிடம் உட்கார்ந்து கடைசியில் யூகித்துத்தான் தொட வேண்டும்.

இப்படிப்பட்ட எடுத்துக்காட்டுகள் ஒரே மாதத்தில் மனதில் ஏறுவதில்லை. நான் செய்தது இதுதான்: நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி ஒரு தேற்றத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கினேன். மேலே தேற்றம். கீழே ஒவ்வொரு நிபந்தனையாக எடுத்தால் எங்கே உடைகிறது, எந்தச் சார்பு உடைக்கிறது. புத்தகத்தைப் பார்க்காமல் நானே தேடுவேன், ஒரு நாளில் கிடைக்காவிட்டால் பக்கத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த வாரம் திரும்பி வருவேன். சில பக்கங்கள் இரண்டு மாதம் காலியாகவே கிடந்தன. இந்தக் காலியாகக் கிடக்கும் நேரத்துக்குத்தான் சீக்கிரம் ஆரம்பிக்க வேண்டும் என்கிறேன். மறந்துவிடுமா என்று கேட்டாயே, படித்துத் தெரிந்துகொண்டது மறக்கும். நாமே தேடித் திணறிக் கண்டுபிடித்த எடுத்துக்காட்டு மறப்பதில்லை, எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் போதும், ஆனால் தினமும். அடுத்த ஜூன் வரைக்கும் தொடர்முறை, தொடர், எல்லை, தொடர்ச்சி, வகையிடல் மட்டும். அப்புறம் நேரியல் இயற்கணிதம். கடந்த பத்து வருடத் தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், அவற்றில் நாலைந்தைத் தொடாமல் டிசம்பருக்கு எடுத்து வை. பயிற்சி மையத்துக்கு நான் போகவில்லை, இணையத்தில் ஐஐடி ஆசிரியர்கள் பாடம் நடத்தும் என்பிடெல் விரிவுரைகளைப் பார்த்தேன், பார்ப்பதற்குக் காசு இல்லை.

மேலே சொன்ன தொடர் கேள்வியில் 'ஒருங்கும்' என்று சொல்லிவிட்டேன், ஏன் என்று சொல்லவில்லை. அதை நீ எழுதி இங்கே போடு. இன்னொன்றும் தருகிறேன்: ஐந்துக்கு ஐந்து அணி, தன்னைத் தன்னோடு பெருக்கினால் பூச்சிய அணி வருகிறது. அதன் தரம், அதாவது ஒன்றையொன்று சாராத நிரைகளின் எண்ணிக்கை, அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம்?

---

நொய்யல்காரன்:

மேலே அக்கா சொன்னது முழுக்கச் சரி. தாமதமாக ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதற்கு நான் இருக்கிறேன், அதனால் என் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

திருப்பூர். அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நான் கடைசி வருடம் செப்டம்பரில் விண்ணப்பம் போட்டுவிட்டு நவம்பர் செமஸ்டர் பரீட்சை முடிந்த பிறகுதான் புத்தகத்தைத் திறந்தேன். டிசம்பர், ஜனவரி இரண்டு மாதமும் ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்தேன், உழைப்பில் குறை வைக்கவில்லை. பாடத்திட்டத்தையும் முடித்துவிட்டேன். தேர்வு அறையில் எல்லாமே பார்த்த மாதிரி இருந்தது, எதுவும் முடியவில்லை. முதல் பகுதியில் நாலு விடையில் இரண்டைத் தள்ளிவிட்டு மீதி இரண்டில் ஒன்றைத் தொட்டுக்கொண்டே போனேன், கழித்தது போக மிச்சம் ஒன்றும் பெரிதாக இல்லை. ஜாம் மதிப்பெண் அந்த ஒரு வருடச் சேர்க்கைக்குத்தான் செல்லும், எம்.டெக். சேர்க்கைக்கு எழுதும் கேட் தேர்வு மாதிரி மூன்று வருடம் வைத்துக்கொள்ள முடியாது. அதனால் அதோடு போயிற்று.

அடுத்த வருடம் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலைக்குப் போய்க்கொண்டே காலையில் நாலரைக்கு எழுந்து படித்தேன். அந்தப் பத்து மாதம் படித்ததுதான் படிப்பு. மதிப்பெண் நல்லபடியாக வந்தது. வந்ததும் வேலை முடிந்தது, இனி அவர்களே கூப்பிடுவார்கள் என்று நினைத்துவிட்டேன். தேர்வு முடிவு வந்த பிறகு சேர்க்கைக்குத் தனியாக இன்னொரு விண்ணப்பம் போட வேண்டும், எந்த ஐஐடி, எந்தப் படிப்பு என்று வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். கடைசித் தேதிக்கு முந்தைய நாள் ராத்திரி ஒரு நண்பன் போன் செய்து, போட்டுவிட்டாயா என்று கேட்டதால்தான் தப்பித்தேன். அன்று ராத்திரி பதினோரு மணிக்கு பிரவுசிங் சென்டர்க்காரரை வீட்டிலிருந்து கூட்டி வந்து கடையைத் திறக்கச் சொல்லி மார்க் சீட்டு எல்லாம் ஸ்கேன் செய்து ஏற்றினேன். நீ அந்த நிலைமைக்கு வராதே. தேர்வு விண்ணப்பம் செப்டம்பர் வாக்கில், தேர்வு பிப்ரவரியில், முடிவு மார்ச்சில், அதை ஒட்டியே சேர்க்கை விண்ணப்பம். இந்த நாலையும் வீட்டுக் காலண்டரில் எழுதி வை. விண்ணப்பக் கட்டணம் பெண்களுக்குப் பாதிதான். கோயம்புத்தூரிலேயே தேர்வு மையம் உண்டு.

பயிற்சி மையம் பற்றி: என்னோடு எழுதியவர்களில் போனவர்களும் தேறினார்கள், போகாதவர்களும் தேறினார்கள். கடன் வாங்கிப் போக வேண்டாம் என்பது என் கருத்து.

---

சுண்ணக்கட்டி:

நான் ஈரோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் கணிதம் சொல்லித் தருகிறேன், இருபது வருடம் ஆகிறது. கண்ணு, தமிழ் வழியில் படித்ததைக் குறையாக எழுதியிருக்கிறாய், அதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

தாள் ஆங்கிலத்தில்தான் இருக்கும், அது உண்மை. ஆனால் அதில் வரும் ஆங்கிலம் மிகச் சின்னது. 'எல்லாவற்றுக்கும்', 'ஏதாவது ஒன்று இருக்கிறது', 'இருந்தால் மட்டுமே', 'அதிகபட்சம்', 'குறைந்தபட்சம்' என்று ஒரு முப்பது, நாற்பது சொற்கள் திரும்பத் திரும்ப வரும். பழைய தாள்களிலிருந்து அவற்றைப் பொறுக்கி எழுதி, ஒவ்வொன்றும் கணிதத்தில் என்ன பொருள் தருகிறது என்று தமிழில் உனக்கு நீயே சொல்லிப் பார். என் வகுப்பில் பிள்ளைகள் தடுமாறுவது கடினமான சொற்களில் இல்லை, 'ஒவ்வொன்றுக்கும் ஒன்று இருக்கிறது' என்பதற்கும் 'எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது' என்பதற்கும் உள்ள வித்தியாசத்தில். இதில் ஆங்கில வழிப் பிள்ளைகளும் அதே அளவுக்குத் தடுமாறுகிறார்கள். தமிழில் யோசித்து வித்தியாசத்தைப் பிடித்துவிட்டால் ஆங்கிலத்தில் படிக்கும்போது தானாக வரும். பன்னிரண்டாவதில் ஈருறுப்புச் செயலிகள் படித்திருப்பாய், அணியின் தரம் படித்திருப்பாய். குலக் கோட்பாட்டுக்கும் நேரியல் இயற்கணிதத்துக்கும் வாசல் அதுதான். அந்தத் தமிழ்ப் புத்தகத்தைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிடாதே.

இரண்டாவது, எம்டிடிஎஸ் என்று ஒரு கோடைப் பயிற்சி இருக்கிறது. பேராசிரியர் குமரேசன் 1993-ல் ஆரம்பித்தது. கோடை விடுமுறையில் நாலு வாரம், கணிதம் படிக்கும் பிள்ளைகளுக்காகவே. அங்கே மனப்பாடத்துக்கு இடமே இல்லை, கரும்பலகையில் நின்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். என் மாணவி ஒருத்தி போய்விட்டு வந்த பிறகு வகுப்பில் கேட்ட கேள்விகளுக்கு நான் வீட்டில் தயார் செய்துகொண்டு போக வேண்டியிருந்தது. இரண்டாம் வருடப் பிள்ளைகள் விண்ணப்பிக்கலாம், அதனால் உனக்கு இதுதான் சரியான வருடம். அறிவிப்பு வருகிறதா என்று இப்போதிலிருந்தே பார்த்துக்கொண்டிரு, உன் கல்லூரியில் ஓர் ஆசிரியரிடம் பரிந்துரைக் கடிதத்துக்கும் இப்போதே சொல்லி வை.

ஆழியாறு சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு வேறு கருத்து. 'கல்லூரிக்கு மட்டும் படி' என்று ஒரு வரியில் தாண்டிவிட்டார். சேர்க்கையின்போது பட்டப்படிப்பு மதிப்பெண்ணுக்கும் விதிகள் உண்டு, ஐஐடிக்கு ஐஐடி கொஞ்சம் மாறும். அரியர் வைத்துவிட்டு ஜாமில் நல்ல ரேங்க் வாங்கி, கடைசி செமஸ்டர் முடிவு நேரத்துக்கு வராமல் அல்லாடிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பிடிக்காத தாளையும் ஒழுங்காக எழுது.

சான்றிதழ் விஷயத்தையும் சொல்ல வேண்டும், வருடா வருடம் இதில் யாராவது மாட்டுகிறார்கள். பிற்படுத்தப்பட்ட வகுப்பு என்றால் நம் மாநில அரசு தரும் சாதிச் சான்றிதழ் இதற்குச் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும், அதில் கிரீமி லேயரில், அதாவது வசதியான பிரிவில், வரவில்லை என்று இருக்க வேண்டும், தேதியும் அவர்கள் சொல்லும் காலத்துக்குள் இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, வி.ஏ.ஓ., ஆர்.ஐ. பார்த்து, தாசில்தார் கையெழுத்து வந்து சேர நாளாகும். அடுத்த வருடம் அறிவிப்பு வந்த அன்றே தேதி விதியைப் பார்த்துவிட்டு அப்பாவை இ-சேவைக்கு அனுப்பிவிடு.

ஒரே கதவை மட்டும் தட்டாதே. சிறுசேரியில் சென்னைக் கணிதக் கழகம் தனியாகத் தேர்வு வைக்கிறது, அதில் நிறுவல் எழுதச் சொல்வார்கள். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இரண்டுக்கும் க்யூட் பிஜி என்ற பொது நுழைவுத்தேர்வு. என்ஐடிகள் ஜாம் மதிப்பெண்ணையே எடுத்துக்கொள்ளும். ஒரே படிப்பு, நாலு இடம்.

---

காங்கேயம் அப்பா:

எனக்குக் கணக்கு எல்லாம் தெரியாதுங்க. தேங்காய்க் களம் வைத்திருக்கிறேன். என் மகள் இந்தத் தேர்வு எழுதி இப்போது ஐஐடி பாலக்காட்டில் எம்.எஸ்சி. இரண்டாம் வருடம் படிக்கிறாள். அம்மிணி உன் வீட்டில் என்ன யோசிப்பார்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் எழுதுகிறேன்.

நானும் முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஐஐடி என்றால் டெல்லி, பம்பாய், பிள்ளை எங்கோ மொழி தெரியாத ஊரில் கிடக்கும் என்று பயம். அப்புறம் போய்ப் பார்த்தால் வாளையார் தாண்டியதும் கஞ்சிக்கோடு, அதற்குப் பக்கத்தில்தான் வளாகம். கோயம்புத்தூரிலிருந்து காலையில் போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். சேரும் முன்னாலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு போய் வெளியே நின்றாவது பார்த்துவிட்டு வந்தேன், அன்றோடு என் பயம் பாதி போய்விட்டது. உங்கப்பாவையும் ஒரு தடவை அங்கே கூட்டிப் போ. சொல்லிப் புரியவைப்பதை விட அது சுலபம்.

மஞ்சள் வேலைக்கு வருகிறேன். அந்த வருடம் மட்டும் தை பிறந்ததிலிருந்து தேர்வு வரைக்கும் உன்னைக் காட்டுக்குக் கூப்பிட வேண்டாம் என்று இப்போதே கேள். வெட்டு நேரத்தில் போய்க் கேட்டால் எந்த அப்பனுக்கும் கோபம்தான் வரும். ஒரு வருடம் முன்னால் கேட்டால் ஆளுக்குச் சொல்லி வைக்கலாம், இல்லை அந்த வருடம் அரை ஏக்கர் மட்டும் போட்டுக்கொள்ளலாம். என் மகள் எழுதிய வருடம் களத்தில் அவள் பார்த்துக்கொண்டிருந்த கணக்கு நோட்டை நான் எழுதினேன், தப்பும் தவறுமாகத்தான் எழுதினேன், பரவாயில்லை.

---

வாய்க்கால்கரை:

இவ்வளவு பேர் இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லைங்க. ரொம்ப நன்றி. பயிற்சி மையத்துக்குப் போகவில்லை என்று முடிவு செய்துவிட்டேன். காங்கேயம் ஐயா, நேற்று ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் கேட்டுவிட்டேன். உடனே பதில் சொல்லவில்லை. காலையில் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே "பாலக்காட்டுக்கு எந்த பஸ்ஸு" என்று மட்டும் கேட்டார்.

ஆழியாறு அக்கா, தொடர் கேள்விக்கு என் விடை: தொடர் ஒருங்குவதால் உறுப்புகள் பூச்சியத்தை நெருங்க வேண்டும். அதனால் ஓர் இடத்துக்கு அப்புறம் எல்லா உறுப்பும் 1-ஐ விடச் சின்னது. குறை எண் இல்லாமல் 1-ஐ விடச் சின்ன எண்ணை வர்க்கப்படுத்தினால் அதைவிடப் பெரிதாகாது. ஒப்பீட்டுச் சோதனையில் வர்க்கங்களின் தொடரும் ஒருங்கும். அந்த இடத்துக்கு முன்னால் இருப்பவை எண்ணிவிடக்கூடிய சில உறுப்புகள்தான், அவை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கவலையில்லை. இது சரியா?

அணி கேள்வி முடியவில்லை. ஐந்துக்கு ஐந்து பெரிதாக இருந்ததால் இரண்டுக்கு இரண்டில் ஆரம்பித்தேன், தரம் 1 வருகிறது. மூன்றுக்கு மூன்றில் தரம் 2 வரவைக்க மூன்று மணி நேரம் எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன், 1-க்கு மேல் வரவே இல்லை. நாலுக்கு நாலில் 2 வந்துவிட்டது. ஐந்தில் 2-தான் வரும் என்று தோன்றுகிறது, ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

---

ஆழியாறு:

தொடர் விடை முழுக்கச் சரி. 'முன்னால் இருப்பவை சில உறுப்புகள்தான்' என்பதையும் விடாமல் எழுதியிருக்கிறாய், நான் முதல் தடவை எழுதியபோது அதை விட்டுவிட்டேன்.

அணியில் நீ யூகித்த 2 சரிதான். மூன்று மணி நேரம் போட்டுப் பார்த்தாயே, அதை நோட்டில் அப்படியே எழுதி வை, அடித்துவிடாதே.

---

சுண்ணக்கட்டி:

ஏன் என்பதற்கு ஒரு நூலிழை மட்டும் தருகிறேன் கண்ணு. அணியை எண்கள் அடுக்கிய கட்டமாகப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஒரு வெக்டரை வாங்கி இன்னொரு வெக்டரைத் திருப்பித் தரும் இயந்திரமாகப் பார். அது திருப்பித் தரும் வெக்டரை மறுபடி அதற்குள்ளேயே போட்டால் பூச்சியம் வருகிறது. அப்படியானால் அது திருப்பித் தருபவை எல்லாம் எந்தக் கூட்டத்துக்குள் அடங்க வேண்டும்? அந்தக் கூட்டத்தின் பரிமாணத்தையும் அணியின் தரத்தையும் கூட்டினால் என்ன வரும்?

இன்றைக்கே வேண்டாம். பக்கத்தைக் காலியாக விட்டு வை. கிடைத்ததும் இங்கே எழுது.